பெட்ஷீட்டுக்குப் பின்னால் இடைவேளை

“எனக்கு ஒரு நாற்காலி வேணும் சார்.”

சொல்லிவிட்டாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. முதலாளி பேனாவை மூடி வைத்தார். மேசைக்கு எதிரே கிடந்த கறுப்பு நாற்காலியைக் கையால் காட்டினார்.

“இதுக்குப் போய் கேக்கணுமா? உட்காரும்மா.”

“இங்க இல்ல சார். கீழ. வாசல்ல.”

“யார் உட்கார?”

“நிக்கிறவங்க.”

முதலாளியின் கை நாற்காலியைக் காட்டியபடியே அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

அந்தத் துணிக்கடையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. பெட்ஷீட் செக்ஷனில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவர். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துக்கொண்டு, அதை மறைக்க இரண்டு ஜோடி காலுறை போடுகிறவர். “லீவு கேளு. ஷிஃப்ட் மாத்தக் கேளு. அழுதுகிட்டே கேளு, தப்பில்ல. நாற்காலி மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல” என்றார். மூன்று விரல்களை மடக்கி, கேட்டுவிட்டுப் போன மூன்று பேரையும் எண்ணிக் காட்டினார்.

கடையில் எல்லாருக்கும் இவள் ‘டிகிரி’. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தாவரவியல். மூன்று வருடம் படித்து வேர், தண்டு, இலை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பூப்போட்ட பெட்ஷீட் விற்க வந்துவிட்டாள். “இது என்ன பூம்மா?” என்று எந்த வாடிக்கையாளராவது கேட்டால், “இந்தப் பூ உலகத்துலயே கிடையாது மேடம், அஞ்சு இதழுக்கு ஆறு மகரந்தத்தாள் வரைஞ்சு வச்சிருக்காங்க” என்பாள். அந்த பெட்ஷீட் விற்காது. சூப்பர்வைசர் முறைப்பார். படித்த படிப்புக்கு அந்த ஒரு உபயோகம்தான் இருந்தது.

அப்பா ஒரு அலுவலகத்தின் வாசலில் காவலாளி. அவருக்கு ஸ்டூல் உண்டு. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விடமாட்டார். “எட்டாவதோட நின்னவன் நான். எனக்கே ஸ்டூல் குடுத்திருக்காங்க. நீ படிச்சவ, உனக்கு எப்பம்மா தருவாங்க?” கிண்டலா, அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். அம்மாதான் குறுக்கே வருவாள்: “நீங்க சும்மா இருங்க. ஏய், நீ எதையும் கேட்டுத் தொலைக்காதே. உன் வாய்க்கு இந்த வேலை இத்தனை நாள் நிலைச்சதே பெருசு.”

புதன்கிழமை வார விடுமுறை. புதன்கிழமை மதியக் காட்சிக்கு அவள் சினிமாவுக்குப் போவாள். எந்தப் படம் என்று பார்க்கமாட்டாள். எது ஓடுகிறதோ அது. போய்விட்டு வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் மார்க் போடுவாள், நூற்றுக்கு. முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் சிவப்புப் பேனா. பதினைந்து வருடம் யார் யாரோ தனக்கு மார்க் போட்டதற்கு, இப்போதுதான் பழிவாங்கக் கையில் ஒன்று கிடைத்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் கடை திறந்து, கூட்டம் வருவதற்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேரத்தில், மூன்றாவது மாடியில் டிகிரியின் விமர்சனம் நடக்கும். கேட்பவர்கள் இரண்டே பேர். அக்கா ஒருவர். இன்னொருத்தி நெட்டை. ஏணி போடாமல் மேல் தட்டு எட்டுகிற ஒரே பெண் என்பதால் அந்தப் பெயர்.

“பேய்ப் படம்” என்று ஒரு வியாழன் ஆரம்பித்தாள். “பதிமூணு ரூம் இருக்கு வீட்ல. மூணே பேருதான் குடித்தனம். கரெக்டா பேய் இருக்கிற ரூம்லதான் போய்ப் படுப்பேன்னு அடம் பிடிக்கிறாங்க. அந்தப் பேய் என்ன பண்ணும், பாவம்?”

“பேய் எப்படி இருந்துச்சு?” என்றார் அக்கா.

“படம் முழுக்க ஆடுற நாற்காலியில உட்கார்ந்தே இருந்துச்சுக்கா.”

“குடுத்து வச்ச பேய்.”

அதற்கு அறுபத்து நான்கு மார்க். அடுத்து ஒரு காதல் படம். காதலனும் காதலியும் ஒரே பேருந்தில் பதினோரு வருடம் போய் வருகிறார்கள். மனதில் இருப்பதைச் சொல்லவே மாட்டார்கள். மூன்று மணி ஐந்து நிமிடம். “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். சொல்லாம இழுத்தாங்க பாரு, அங்கதான் இயக்குநர் நிக்கிறாரு” என்று எழுபத்தெட்டு போட்டாள். சண்டைப் படம் ஒன்றுக்கு அறுபத்தெட்டு. அதில் யார் யாரை அடித்தார்கள் என்று நெட்டை கேட்டபோது, “ஒலிப்பதிவு அபாரம்” என்று மட்டும் சொன்னாள். உண்மையில் முதல் குண்டு வெடித்ததற்கும் கடைசிக் குண்டு வெடித்ததற்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தாள். பக்கத்து சீட்டுக்காரர்தான் தோளைத் தட்டி, “படம் முடிஞ்சுடுச்சும்மா” என்று எழுப்பிவிட்டார்.

இந்த விமர்சகியின் மானம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போயிற்று. நெட்டை அந்த நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்தவள், சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

“என்னடி?”

“ரெண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கெல்லாம் எழுபதுக்கு மேல. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சதெல்லாம் ஃபெயில். இந்தா, இது விருது வாங்கின படம், தொண்ணூத்தஞ்சு நிமிஷம். இருபத்திரெண்டு மார்க் போட்டு, பக்கத்துல ‘ஆழம் போதாது’ன்னு எழுதியிருக்கே. ஏன் டிகிரி, நீ படத்துக்கு மார்க் போடலடி. சீட்டுக்குப் போட்டிருக்கே!”

அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிகிரிக்குக் கோபம் வந்தது. நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம், அட்டவணை போட்டதுபோல, உண்மை. திரைக்கதை, நடிப்பு, காட்சியமைப்பு என்று வாரா வாரம் அளந்து கொட்டியதெல்லாம் தன் இரண்டு பாதங்கள் சொல்லச் சொல்ல எழுதியதுதான். பதினோரு மணி நேரம் நிற்கிற கால்களுக்கு, மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் உலகத் திரைப்படம்; ஒன்றரை மணியில் எழுப்பிவிட்டால் குப்பை. எது நல்ல கலை என்று தீர்மானிக்கத் தாவரவியல் பட்டம் தேவைப்பட்டிருக்கவில்லை. பித்தவெடிப்பு போதுமானதாக இருந்தது.

கடையில் யாரும் உட்கார்வதே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உட்கார்வார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. மூலையில் கேமரா. அதன் கண்ணுக்கும் சுவரோரம் கிடக்கிற தலையணைப் பெட்டிக்கும் நடுவே, இரண்டு பேர் ஒரு பெரிய பெட்ஷீட்டை நான்கு முனையும் பிடித்து விரித்து நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு மடிப்பு சரிபார்ப்பதுபோல இருக்கும். பின்னால் மூன்றாவது ஆள் பெட்டியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ‘படம் போடுவது’. இரண்டு நிமிடம் என்றால் டிரெய்லர். ஐந்து நிமிடம் என்றால் இடைவேளை. சத்தமாகவே பேசிக்கொள்வார்கள். “படம் போடட்டுமா?” “யாருக்கு?” “அக்காவுக்கு.” டிகிரியின் சினிமாப் பைத்தியத்தை நினைத்து சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

முறைக்கு ஒரே ஒரு விதிதான். பிடித்த முனையை விடக் கூடாது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. டிகிரி பார்த்துவிட்டு வந்த படத்தின் கதாநாயகி ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண். குதிகால் உயர்ந்த செருப்பு. கவுன்டர் மேலே ஏறி ஒரு பாட்டு. கடைசிக் காட்சியில் முதலாளியின் அறைக்குள் போய் நான்கு நிமிடம் இடைவிடாமல் வசனம் பேசுகிறாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். அடுத்த காட்சியில் கடை முழுக்க நாற்காலி. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் சுபம். டிகிரி பதினோரு மார்க் போட்டாள், சிவப்பில். கொட்டகையில் தேம்பித் தேம்பி அழுததையும், முன் வரிசையிலிருந்து ஒரு குழந்தை திரும்பித் தன்னைப் பார்த்ததையும் நோட்டில் எழுதவில்லை.

“இடைவேளை, அக்காவுக்கு” என்றாள் நெட்டை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்தார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கழற்றினார்.

“அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஒருத்தி பத்து நிமிஷம் நிக்கட்டும் பார்ப்போம்” என்று டிகிரி ஆரம்பித்தாள். “கால்ல ஒரு வீக்கம் இல்ல. முகத்துல ஒரு எண்ணெய் இல்ல. அப்புறம் முதலாளி ரூமுக்குப் போறா. கதவைத் தட்டக்கூட இல்ல. எந்த ஊர்லக்கா இப்படி நடக்கும்? போய் நின்னு, கையை இப்படித் தூக்கி…”

தூக்கிவிட்டாள். இரண்டு கையையும்.

பெட்ஷீட் அவள் பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தது. பெட்டியின் மேல் அக்கா. ஒரு காலில் காலுறை, இன்னொரு கால் வெறுங்காலாக நீட்டியபடி. அவருக்கு நேர் எதிரே, இரண்டு வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு வந்த முதலாளி.

அவர் கத்துகிற ஆள் இல்லை. வந்தவர்களை நெட்டையிடம் ஒப்படைத்தார். அக்காவிடம் மென்மையாகச் சொன்னார்: “வயசாயிடுச்சு உங்களுக்கு. மாடிப்படி ஏற வேண்டாம். நாளைலருந்து வாசல்ல நில்லுங்க. வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லி, போறவங்களுக்கு நன்றி சொன்னாப் போதும். இந்த மாசம் பார்ப்போம். முடியலேன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க.”

அவர் போனதும் அக்கா காலுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஏன்டி, உனக்கு இருக்கிற வாய் பத்தாதா? கையும் சேர்ந்து பேசணுமா?”

டிகிரி குனிந்து, தரையில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து முனையோடு முனை சேர்த்து மடித்தாள்.

வாசலில் பெட்டி கிடையாது. பெட்ஷீட்டும் கிடையாது. மூன்று பக்கமும் கண்ணாடி. முதல் நாள் அக்கா நேராக நின்றார். இரண்டாம் நாள் ஒரு காலில் நின்று மற்றொரு காலுக்கு ஓய்வு கொடுத்து, மாற்றி மாற்றி நின்றார். மூன்றாம் நாள் காலையில் டிகிரி உள்ளே நுழைந்தபோது, அவளையும் வாடிக்கையாளர் என்று நினைத்துக் கைகூப்பி, “வணக்கம், வாங்க” என்றார். பிறகு யாரென்று பார்த்துவிட்டு, “சீ, நீயா, போடி” என்றார். சிரிக்கவில்லை.

டிகிரி மூன்றாவது மாடிக்குப் போய் நெட்டையிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு ஐந்தாவது மாடிக்கு, முதலாளி அறைக்கு ஏறினாள். கதவைத் தட்டினாள். அந்தப் படத்தின் நாயகியைவிட ஒரு படி மேல் என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டாள்.

“யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?” என்றார் முதலாளி, இறங்கிய கையை மேசைமேல் வைத்தபடி.

“யாரும் இல்ல சார். நானேதான்.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளாகப் பேருந்தில் வரும்போதும் போகும்போதும் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த பேச்சு அது. “எங்க காலும் உங்க கால் மாதிரிதான் சார்—”

“‘ஆனா உங்க கால் தரையைப் பார்க்கிறதே இல்ல’” என்று முதலாளி முடித்தார்.

டிகிரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த வசனம்தானே? கடைசி சீன்!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “போன ஞாயிறு வீட்டோட போனோம். என்னா படம்! நான் அழுதுட்டேன்மா, பொய் சொல்லல. என் பொண்டாட்டி கைக்குட்டையை எடுத்து நீட்டுறா. அந்த முதலாளியா வர்றாரே, கண்ணாடியைக் கழட்டுவாரே, அந்த ஒரு இடம் போதும்.”

அவள் காது இரண்டும் பற்றி எரிந்தது. சொந்தமாக யோசித்தேன் என்று நினைத்த பேச்சு, தானே ஃபெயிலாக்கிய படத்தின் வசனம். ஒரு சொல்கூட மாறவில்லை. தேர்வில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவது கேவலம் என்றால், தான் பதினோரு மார்க் போட்ட விடைத்தாளைப் பார்த்து எழுதுவதை என்னவென்று சொல்வது? இந்த நேரத்தில் பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் சினிமாவைப் பற்றி ஒருவர் தப்பாகப் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் வித்தை அவளுக்குக் கைவரவே இல்லை.

“நான் பதினோரு மார்க்தான் போட்டேன் சார்.”

“என்னது?”

“நூத்துக்குப் பதினொண்ணு. அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா நிக்கிறதா சொல்றாங்க. ஒரு சீன்லயாவது சுவத்துல சாய்றாளா? ஒரு தடவை குனிஞ்சு காலைப் பிடிக்கிறாளா? அழகா நிக்கிறா. வலிக்காம நின்னா நாற்காலி எதுக்கு சார்?”

“அது சினிமாம்மா. அழகா இருந்தாத்தான் பார்ப்பாங்க.” அவர் முன்னால் சாய்ந்தார். உண்மையாகவே ரசித்துக்கொண்டிருந்தார். “சரி, அந்த முதலாளி மனசு மாறுறது?”

“அதுக்குத்தான் அந்தப் பதினோரு மார்க்கே.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “நல்லாப் பேசறே. படிச்ச பொண்ணு இல்ல? உன்னையெல்லாம் பெட்ஷீட்ல போட்டு வச்சிருக்கேன் பாரு. பில்லிங்ல ஒரு இடம் இருக்கு. சுழல் நாற்காலி. நாளைக்கே வந்து உட்காரு. உனக்கு நாற்காலிதானே வேணும்?”

சுழல் நாற்காலி. கைப்பிடியோடு. டிகிரியின் மனசாட்சி பதில் சொல்வதற்கு முன்பே அவள் பாதங்கள் இரண்டும் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டன. எழுபத்தெட்டு மார்க் நாற்காலி. மூன்று மணி ஐந்து நிமிடம் இல்லை, முழு நாளும். அப்பாவின் ஸ்டூலுக்குச் சுழலத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அதை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். நெட்டையிடம் கொடுத்துவிட்டு வந்த லாக்கர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஓடியது.

“அக்காவுக்கு?” என்றாள்.

“அது வேற விஷயம்.” அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார். “கஸ்டமர் உள்ள வரும்போது ஒருத்தர் உட்கார்ந்திருந்தா அது மரியாதையா இருக்காது. கடைன்னா ஒரு முறை இருக்கு.”

“சார், நீங்க அந்தப் படத்தை உட்கார்ந்துதானே பார்த்தீங்க?”

“பின்ன, நின்னுக்கிட்டா பார்ப்பாங்க?”

“நின்னுக்கிட்டுப் பார்த்திருந்தா அழுகை வந்திருக்காது சார். கால்வலிதான் வந்திருக்கும்.”

இதை எந்தப் படத்திலும் யாரும் சொல்லவில்லை. நல்ல வசனம்தான். ஆனால் முதலாளி கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் கண்ணாடியே போடுவதில்லை.

“நீ கிளம்பு” என்றார், அதே மென்மையான குரலில்.

டிகிரி கறுப்பு நாற்காலியைப் பார்த்தாள். இரும்புக் கால், பஞ்சு வைத்த இருக்கை. குனிந்து முதுகுப் பலகையைப் பிடித்துத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“ஏய், என்ன பண்றே?”

“நாற்காலி குடுத்தீங்களே சார். பில்லிங்ல இருந்தா என்ன, வாசல்ல இருந்தா என்ன.”

“அதைத் தூக்கிட்டு இந்தக் கதவைத் தாண்டினே, திரும்ப உள்ள வர முடியாது. சொல்லிட்டேன்.”

“தெரியும் சார். லாக்கர் சாவியைக் காலைலயே நெட்டைகிட்டக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு கம்பீரமாகத் திரும்பினாள். நாற்காலியின் கால் கதவில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. பக்கவாட்டில் திருப்பினாள், முழங்காலில் இடித்தது. முதலாளி மேசைக்குப் பின்னால் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்வதா, கத்துவதா என்று அவருக்கும் தெரியவில்லை. படமாக இருந்தால் இந்த இடத்தை வெட்டியிருப்பார்கள். கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையைத் தலைமேல் தொப்பிபோல வைத்துக்கொண்டதும் கதவு விட்டது.

லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். படிக்கட்டில் இறங்கினாள். பின்னணி இசை என்று எதுவும் வரவில்லை. நாற்காலிக் கால் கைப்பிடிச் சுவரில் உரசுகிற சத்தம்தான், படிக்குப் படி. நான்காவது மாடியில் திரைச்சீலை செக்ஷன் பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தியும் பின்னால் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் அரைப்படி நின்று திரும்பிப் பார்த்தாள். சினிமா பார்த்துக் கெட்ட புத்தி.

மூன்றாவது மாடியில் நெட்டை ஒரு கையில் தலையணை உறை, இன்னொரு கையில் சாவியோடு படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றாள். தலைக்கு மேலே நான்கு இரும்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்க வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருக்குடி?”

“அக்காவுக்கு” என்றாள் டிகிரி, நிற்காமல். வாசலுக்கு இன்னும் மூன்று மாடி இறங்க வேண்டியிருந்தது.